ஆயுத பூஜைக்கு வண்டி கழுவுறப்பவே மழைக்கும் ரெடி பண்ணிடுங்க: முதல் கார் வாங்கினவங்களுக்கு

இப்பதான் முதல் கார் வாங்கியிருக்கீங்க, புதுசோ செகண்ட் ஹேண்டோ ஏதோ ஒண்ணு, ஒரு கோடைய ஏசி போட்டு ஓட்டித் தள்ளிட்டீங்க, அடுத்து ஐப்பசி மழை வரப்போகுது, அப்படின்னா இது உங்களுக்குத்தான். நம்ம ஊருக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் போகும். ஆயுத பூஜை பெரும்பாலும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்துடும். அன்னிக்கு எப்படியும் வண்டிய கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கத்தான் போறோம். வண்டியச் சுத்திச் சுத்தி வந்து குனிஞ்சு நிமிர்ற அந்த ஒரு மணி நேரத்துலயே மழைக்கு பாக்க வேண்டியது அத்தனையும் பாத்துடலாம். 2021 நவம்பர்ல ஒரு தடவ நல்லா பட்டதுக்கு அப்புறம் நான் வருஷா வருஷம் விடாம இப்படித்தான் பண்றேன், அன்னிக்கு என்ன ஆச்சுன்னு கீழ சொல்றேன்.

மழைக்கால மெயின்டனன்ஸ்னு சொன்னாலே சர்வீஸ் சென்டர்ல பெரிய லிஸ்ட் போட்டு நீட்டுவாங்க, அதப் பாத்து பயப்படாதீங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் ரெண்டே கேள்விதான். தண்ணி வெளிய போற வழியெல்லாம் திறந்திருக்கா? தண்ணி போகக் கூடாத எடத்துக்கெல்லாம் போகாம இருக்கா? டயர் பட்டன்லேர்ந்து இன்ஷூரன்ஸ் வரைக்கும் எல்லாமே இந்த ரெண்டுக்குள்ள அடங்கிடும்.

முதல்ல டயர்

டயர்ல இருக்கற பட்டன், அந்தக் கோடு கோடான பள்ளமெல்லாம், ரோட்டுல இருக்கற தண்ணிய வெளிய தள்ளத்தான். பட்டன் தேஞ்சிருந்தா தண்ணி போக வழியில்லாம டயர் ரோட்டத் தொடாம தண்ணி மேலயே மிதந்து போகும், அந்த நேரத்துல ஸ்டீயரிங் திருப்பினாலும் பிரேக் அடிச்சாலும் வண்டி கேக்காது. சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போகக் கூடாது. இத அளக்க ஸ்கேல் எல்லாம் வேணாம். டயரோட பக்கவாட்டுல மேல் ஓரத்துல ஒரு சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐன்னு மூணு எழுத்தோ இருக்கும், அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ள பாத்தீங்கன்னா ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துடுச்சுன்னா டயர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். என்னக் கேட்டா அது வரைக்கும் காத்திருக்க வேணாம், 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டாலே மழைக்கு முன்னாடி மாத்திடுங்க, ஏன்னா வெயில்ல இன்னும் ஆறு மாசம் தாங்குற டயர் கூட மழையில தாங்காது. ரெண்டு டயர் மட்டும்தான் வாங்க முடியும்னா புதுச பின்னாடி போடச் சொல்லுங்க, முன் வீல் இழுக்கற வண்டியா இருந்தாலும் சரி. முன்னாடி வழுக்கினா கூட ஓரளவு சமாளிக்கலாம், பின்னாடி வழுக்கினா வண்டி அப்படியே சுத்திடும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி எடுத்தவங்க டயரோட வயசையும் பாருங்க. டாட்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசையோட கடைசியில நாலு நம்பர் இருக்கும். 3519னு இருந்தா 2019ம் வருஷம் 35வது வாரம் செஞ்ச டயர். பட்டன் நிறைய இருந்தாலும் ஆறேழு வருஷத்த தாண்டிட்டா ரப்பர் காஞ்சு கெட்டியாகி ஈர ரோட்டுல பிடிமானம் குறைஞ்சுடும், விக்கறவங்க மேல பாலிஷ் அடிச்சு கருகருன்னு வச்சிருப்பாங்க, அதப் பாத்து ஏமாறாதீங்க.

காத்து எவ்வளவுன்னு பஞ்சர் கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க, டிரைவர் கதவத் திறந்தா அந்தத் தூண்லயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உங்க வண்டிக்கு எத்தன பிஎஸ்ஐன்னு அதுல போட்டிருக்கும். மழைக்காலத்துல காத்தக் குறைச்சு ஓட்டினா கிரிப் வரும்னு சில பேர் சொல்வாங்க, தப்பு. காத்து குறைஞ்சா பட்டன் நடுவுல உள் பக்கமா அமுங்கி தண்ணி வெளிய போற வழியே அடைஞ்சுக்கும். ஸ்டெப்னிக்கும் சேத்து காத்து அடிங்க, கொட்டற மழையில டயர் பஞ்சராகி ஸ்டெப்னிய இறக்கினா அதுலயும் காத்து இல்லன்னா எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

கண்ணாடி, வைப்பர்

வைப்பர் பிளேடு ஆறு மாசம் வெயில்லயே கெடந்து ரப்பர் வெடிச்சிருக்கும். விரல வச்சு ரப்பர் ஓரத்த தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தாலோ பிசிறு வந்தாலோ மாத்திடுங்க. சில நூறு ரூபா சமாச்சாரம், நீங்களே அஞ்சு நிமிஷத்துல மாட்டிடலாம், டிரைவர் பக்கம் ஒரு சைஸ், அந்தப் பக்கம் ஒரு சைஸ் வரும், வாங்கறப்ப வண்டி மாடல் சொல்லி வாங்குங்க. மாட்டறப்ப கண்ணாடி மேல ஒரு துணி மடிச்சுப் போட்டுக்கோங்க, பிளேடு இல்லாத வெறும் கம்பி ஸ்பிரிங் வேகத்துல அடிச்சுதுன்னா கண்ணாடியே விரிசல் விட்டுடும்.

புது பிளேடு போட்டும் கண்ணாடி மங்கலா இருந்தா பிரச்சன கண்ணாடியிலதான். முன்னாடி போற லாரி புகை, தூசி எல்லாம் சேந்து ஒரு எண்ணெய்ப் படலம் மாதிரி படிஞ்சிருக்கும், பகல்ல தெரியாது, ராத்திரி மழையில எதிர்ல லைட்டு வந்தா கண்ணாடி முழுக்க பூ பூவா செதறும். ரெண்டு தடவ கார் ஷாம்பு போட்டு நல்லா தேச்சு கழுவுங்க. அப்புறம் பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு ஹெட்லைட்டு மேலயும் முன் கண்ணாடியிலயும் அப்படியே காஞ்சு மாசக்கணக்குல இருக்கும், சாமிக்கு வச்சதேன்னு யாரும் தொட மாட்டாங்க. மறுநாள் காலையில கும்பிட்டுட்டு ஈரத்துணியால தொடச்சிடுங்க, பானட் மேல இருக்கறது இருக்கட்டும், வெளிச்சம் வர்ற எடத்துலயும் பார்வை போற எடத்துலயும் எதுவும் வேணாம்.

புதுசா ஓட்டறவங்கள ரொம்ப தெணறடிக்கிறது கண்ணாடியில வர்ற பனி. மழையில நாலு பேர் உள்ள உக்காந்தா அஞ்சே நிமிஷத்துல கண்ணாடி வெள்ளையா ஆயிடும், எல்லாரும் ஒரு துணிய எடுத்து தேச்சுக்கிட்டே ஓட்டுவாங்க. முதல்ல அந்தப் பனி எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கணும். விரலால உள்ள ஒரு கோடு போடுங்க. கோடு விழுந்தா உள்பக்கம், அப்ப ஏசிய போட்டு, காத்து முன் கண்ணாடிக்குப் போற பட்டன அமுக்கி, வெளிக்காத்து உள்ள வர்ற மாதிரி மாத்திடுங்க, ஏசி காத்துல இருக்கற ஈரத்த இழுத்துடும், ஒரு நிமிஷத்துல தெளிஞ்சிடும். குளிருதுன்னா டெம்பரேச்சர ஏத்திக்கோங்க, ஏசிய ஆஃப் பண்ணாதீங்க. கோடு விழலன்னா பனி வெளிப்பக்கம், சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல ஏசி கூலிங் ரொம்ப வச்சு கண்ணாடி ஜில்லுனு ஆனா இது வரும், அப்ப வைப்பர ஒரு தடவ போட்டுட்டு கூலிங்கக் குறைச்சு காத்த கண்ணாடிப் பக்கம் போகாம திருப்பி விடுங்க. உள்பனிக்கு ஒரு வைத்தியம், வெளிப்பனிக்கு நேர் எதிர் வைத்தியம், இது தெரியாமத்தான் நிறைய பேர் ஏசிய போட்டு போட்டு ஆஃப் பண்ணிட்டு தவிக்கிறாங்க.

யாருமே பாக்காத தண்ணி ஓட்டைங்க

இதப் பத்தி ஷோரூம்ல யாரும் சொல்ல மாட்டாங்க. பானட்டத் தூக்கினா முன் கண்ணாடிக்குக் கீழ, வைப்பர் இருக்கற எடத்துல கருப்பு பிளாஸ்டிக் ஜாலி ஒண்ணு இருக்கும். கண்ணாடி மேல விழற மழைத்தண்ணி அத்தனையும் அந்த ஜாலி வழியா உள்ள இறங்கி, ரெண்டு ஓரத்துல இருக்கற ஓட்டை வழியா கீழ ஊத்திடணும். நம்ம எல்லாரும் நிழலுக்காக வேப்ப மரத்தடியிலயோ புங்க மரத்தடியிலயோதான் வண்டிய நிறுத்துறோம், அந்த எலையும் பூவும் காய்ஞ்சு அங்க போய் சேந்துடும். நான் முதல் தடவ கைய விட்டப்ப ஒரு பிடி கருப்பு மண் வந்துச்சு, எலையெல்லாம் மக்கி எருவாவே ஆகியிருந்துச்சு, உள்ள ஒரு வேப்பங்கொட்டை முளைவிட்டு விரல் நீளத்துக்கு வெள்ளையா நின்னுட்டு இருந்துச்சு. அந்த வழி அடைஞ்சா தண்ணி எங்க போகும்? ஏசி புளோயர் வழியா உள்ள வந்து முன் சீட்டுல உக்கார்றவங்க கால் வைக்கிற எடத்துல கார்பெட்டுக்கு அடியில தேங்கும். மேல தொட்டா காஞ்சிருக்கும், அடியில ஸ்பாஞ்சு ஊறிக் கெடக்கும், நாலு நாள்ல நாத்தம் வரும், அதே எடத்துல ஓடுற வயருங்க பச்சை பிடிச்சு ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை செய்யாம போகும்.

அதனால கையால எலைய அள்ளிப் போட்டுட்டு ஒரு சொம்பு தண்ணிய அந்த ஜாலியில ஊத்துங்க. முன் வீலுக்குப் பின்னாடி சொட்டுச்சுன்னா வழி சரியா இருக்கு, அங்கயே நின்னுச்சுன்னா மெக்கானிக்கிட்ட சொல்லி காத்து அடிச்சு எடுக்கச் சொல்லுங்க. இதே மாதிரி ஒவ்வொரு கதவோட அடி ஓரத்துலயும் நீளமா சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், ஜன்னல் இடுக்குல இறங்குற தண்ணி அது வழியாதான் வெளிய வரணும், சேறு அடைச்சிருந்தா ஒரு ஈர்க்குச்சிய விட்டு எடுத்துடுங்க. வண்டி கதவத் திறந்து மூடறப்ப உள்ள சளக் சளக்குன்னு சத்தம் வந்தா தண்ணி உள்ள நிக்குதுன்னு அர்த்தம். சன்ரூஃப் வச்ச வண்டின்னா அதுக்கும் நாலு மூலையிலயும் குழாய் உண்டு, திறந்து மூலையில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டுப் பாருங்க.

பிரேக், பேட்டரி, லைட்டு

இத சுருக்கமா சொல்லிடறேன். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த தானா இழுத்துக்கும், ஈரம் ஏறினா சூட்டுல கொதிச்சு பிரேக் பெடல் மெத்துமெத்துன்னு ஆயிடும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடுங்க, மலை ஏறப்போறீங்கன்னா இது ரொம்ப முக்கியம். பேட்டரி நாலு வருஷத்த தொட்டுடுச்சுன்னா பேட்டரி கடையில ஒரு செக் பண்ணிக்கோங்க, வண்டி ஆஃப்ல இருக்கறப்ப 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், ஸ்டார்ட் பண்ணினா 14 பக்கம் ஏறணும். டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா சுடுதண்ணி ஊத்தி கழுவிட்டு, நல்லா காய விட்டு, கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க. லைட்டு எல்லாத்தையும் ஒருத்தர பின்னாடி நிக்க வச்சு பாத்துடுங்க, பிரேக் லைட்டு எரியாம மாசக்கணக்குல ஓட்டறவங்க நிறைய பேர் இருக்காங்க, நமக்குத்தான் அது கண்ணுல படாதே.

மழைக்கு எலி பொந்துல தண்ணி போச்சுன்னா அது நேரா நம்ம பானட்டுக்குள்ளதான் குடி வரும், வயரக் கடிச்சு வச்சா செலவு ஆயிரக்கணக்குல போகும். வண்டிக்குள்ள பிஸ்கட் தூள், சிப்ஸ் எதுவும் இல்லாம சுத்தமா வைங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவயாவது எடுங்க, ஒரே எடத்துல வாரக்கணக்குல போடாதீங்க.

இன்ஷூரன்ஸ் பேப்பர இன்னிக்கே எடுத்துப் பாருங்க

வெறும் தேர்ட் பார்ட்டி (அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு மட்டும் குடுக்கற பாலிசி) மட்டும் இருந்தா வெள்ளத்துல உங்க வண்டிக்கு ஒரு ரூபா வராது. ஃபர்ஸ்ட் பார்ட்டின்னு நம்ம சொல்ற முழு பாலிசி இருந்தா வெள்ளத்துல சீட்டு, வயரிங் எல்லாம் போனதுக்கு கிளெய்ம் வரும், ஆனா இன்ஜினுக்குள்ள தண்ணி போய் இன்ஜின் உடைஞ்சா அது நேரடி சேதம் இல்லன்னு சொல்லி மறுத்துடுவாங்க, அதுக்குன்னு இன்ஜின் புரொடெக்ட்னு தனியா ஒரு ஆட் ஆன் இருக்கு. பம்பர் டு பம்பர் எடுத்திருக்கேனேன்னு நினைப்பாங்க, அது வேற, இது வேற. பம்பர் டு பம்பர் இருந்தா மாத்தற பார்ட்ஸுக்கு தேய்மானம் கழிக்க மாட்டாங்க, அவ்வளவுதான். இந்த ஆட் ஆன பெரும்பாலும் பாலிசி எடுக்கறப்பவோ புதுப்பிக்கறப்பவோதான் சேக்க முடியும், புயல் சின்னம்னு நியூஸ்ல வந்த அப்புறம் ஃபோன் பண்ணி பிரயோஜனம் இல்ல. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி தண்ணி நிக்கற ஊர்ல இருக்கறவங்க வேற எந்த ஆட் ஆன விட்டாலும் இத விடாதீங்க.

மழையில ஓட்டறது

ரொம்ப நாள் கழிச்சு பெய்யற முதல் மழைதான் மோசமானது. ரோட்டுல சேந்திருக்கற எண்ணெய், ரப்பர் தூள், மண் எல்லாம் முதல் அரை மணி நேரத் தூறல்ல கொழகொழன்னு ஆயிடும், நல்லா அடிச்சுப் பெஞ்சு கழுவிட்டுப் போன அப்புறம் கூட பரவாயில்ல. அந்த நேரத்துல டூவீலர்காரங்க பாலத்துக்கு அடியில ஒதுங்க சட்டுனு எடது பக்கம் வெட்டுவாங்க, அவங்களுக்கு எடம் விட்டே ஓட்டுங்க.

முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல காஞ்ச ரோட்டுல ரெண்டு செகண்ட் இருக்கணும்பாங்க, மழையில அத நாலாக்குங்க. முன் வண்டி ஒரு கம்பத்த தாண்டினதும் எண்ண ஆரம்பிங்க, நீங்க அந்தக் கம்பத்துக்கு வர்றதுக்குள்ள நாலு செகண்ட் ஆகணும். 80ல போனா ஒரு செகண்டுக்கு வண்டி 22 மீட்டர் ஓடுது, நாலு செகண்ட்னா கிட்டத்தட்ட 90 மீட்டர், சென்னை ஜிஎஸ்டி ரோட்டுல அவ்வளவு எடம் விட்டா நடுவுல நாலு பேர் புகுந்துடுவாங்கதான், புகுந்தா புகட்டும், நீங்க மறுபடியும் கால எடுத்து எடம் விடுங்க. ஸ்டீயரிங் திடீர்னு லேசான மாதிரி தெரிஞ்சா டயர் தண்ணி மேல மிதக்குதுன்னு அர்த்தம், அப்ப பிரேக்க மிதிக்காதீங்க, ஸ்டீயரிங்க ஒடிக்காதீங்க, ஆக்சிலரேட்டர்லேர்ந்து மட்டும் கால எடுத்துட்டு நேரா பிடிச்சுக்கோங்க, ரெண்டு மூணு செகண்ட்ல டயர் ரோட்டப் பிடிச்சுடும். குரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலரேட்டர மிதிக்காமலே வண்டி ஒரே வேகத்துல ஓடற வசதி) இருந்தா மழையில அத தொடவே தொடாதீங்க.

அவசரத்துக்கு பிரேக் அடிச்சே ஆகணும்னா, 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார் எல்லாத்துலயும் ஏபிஎஸ் (பிரேக் அடிச்சா வீலு பூட்டிக்கிட்டு வழுக்காம பாத்துக்கற அமைப்பு) கட்டாயம், அது வேலை செய்யறப்ப பெடல் காலுக்கடியில கடகடன்னு உதறும். புதுசா ஓட்டறவங்க என்னவோ உடைஞ்சிடுச்சுன்னு பயந்து கால எடுத்துடுவாங்க. எடுக்கக் கூடாது, அது வேலை செய்யற சத்தம், முழுசா அமுக்கிக்கிட்டே ஸ்டீயரிங்க காலி எடத்துக்குத் திருப்புங்க.

இன்னொண்ணு, மழை வந்தா நாலு இண்டிகேட்டரையும் போட்டுட்டு ஓட்டறாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க. நீங்க எந்தப் பக்கம் திரும்பப் போறீங்கன்னு பின்னாடி வர்றவருக்குத் தெரியாது, நிக்கறீங்களா ஓடறீங்களான்னும் தெரியாது. வண்டி நின்னுட்டா மட்டும்தான் அது. ஓட்டறப்ப லோ பீம் போதும், பகல்லயும் போடுங்க, பின் லைட்டும் சேந்து எரியும்.

தீபாவளி லீவுக்கு மலைக்குப் போறவங்களுக்கு: மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டுல 14 கொண்டை ஊசி, வால்பாறைக்கு 40, ஏறறப்ப எந்த கியர்ல ஏறினீங்களோ இறங்கறப்பவும் அதே கியர்லயே இறங்குங்க, பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா சூடாகி கடைசி வளைவுல பிடிக்காது. ஆட்டோமேட்டிக்ல இதுக்கு கியர் லிவர்ல எல் (L)னோ மேனுவல்னோ இருக்கும், அத வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு தடவ பழகிட்டுப் போங்க. ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும். கன மழைன்னு எச்சரிக்கை இருந்தா அந்த டிரிப்பையே தள்ளி வைங்க, மண் சரியறது யாருக்கும் சொல்லிட்டு வராது.

தேங்கின தண்ணி, இங்கதான் வண்டி போகுது

இப்ப 2021 நவம்பர் கதை. ராத்திரி பூரா கொட்டித் தீத்துட்டு காலையில கொஞ்சம் விட்டுச்சு, தி.நகர் பக்கம் ஒரு குறுக்குத் தெருவுல தண்ணி முட்டிக்குக் கொஞ்சம் கீழ நின்னுச்சு, முன்னாடி ஒரு பெரிய வண்டி போச்சுன்னு நானும் பின்னாடியே போனேன். பாதியில எதிர்ல ஒரு பஸ்சு வந்துச்சு. தண்ணி ஆழம் ஒண்ணும் பெருசில்ல, ஆனா பஸ்சு தள்ளிக்கிட்டு வந்த அலை பானட்டுக்கு மேல ஏறி அடிச்சுது, வண்டி ரெண்டு தடவ குலுங்கி ஆஃப் ஆச்சு. பின்னாடி ஹாரன், பக்கத்துல அம்மா உக்காந்திருக்காங்க, பதட்டத்துல செல்ஃப் அடிச்சேன். எடுக்கல. ரெண்டாவது தடவ அடிச்சேன். மூணாவது தடவ அடிச்சப்ப டக்குன்னு ஒரே ஒரு சத்தம், அதோட செல்ஃபும் சுத்தல.

மறுநாள் மெக்கானிக் பானட்டத் தூக்கறதுக்கு முன்னாடியே கேட்ட முதல் கேள்வி, "ஆஃப் ஆன அப்புறம் செல்ஃப் அடிச்சீங்களாண்ணே?" ஆமாம்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, ஏர் ஃபில்டர கழட்டி என் கையில குடுத்தார், பிழிஞ்சா தண்ணி ஊத்துச்சு. ரெண்டு கனெக்டிங் ராடு, அதான் பிஸ்டனத் தாங்குற கம்பி, வளைஞ்சு போச்சு, பில்லு ஒரு லட்சத்த தாண்டிச்சு, என்கிட்ட இன்ஜின் புரொடெக்ட் இல்ல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, இன்ஜின் காத்த உறிஞ்சி பிஸ்டனால அமுக்கித்தான் ஓடுது. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. காத்து போற வாய் பெரும்பாலும் முன் கிரில்லுக்கு மேலயோ ஹெட்லைட்டுக்குப் பின்னாடியோதான் இருக்கும், அலையில தண்ணி அது வழியா போயிட்டா வண்டி ஆஃப் ஆயிடும், அந்த நிமிஷம் வரைக்கும் பெரும்பாலும் இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நம்ம செல்ஃப் அடிக்கிறப்ப பிஸ்டன் அமுங்காத தண்ணிய அமுக்கப் பாக்குது, தண்ணி விட்டுக் குடுக்காது, ராடுதான் வளையும். அதனால தண்ணியில வண்டி ஆஃப் ஆச்சுன்னா சாவிய ஆஃப் பண்ணுங்க, கைய எடுத்துடுங்க, அவ்வளவுதான். யார் வந்து "ஒரு தடவ அடிச்சுப் பாருங்க சார்"னு சொன்னாலும் அடிக்காதீங்க. நாலு பேர கூப்ட்டு நியூட்ரல்ல தள்ளி மேட்டுல ஏத்துங்க, ரெக்கவரி வண்டிக்கு சொல்லுங்க, மெக்கானிக் ஸ்பார்க் பிளக்க கழட்டி தண்ணிய வெளிய தள்ளி ஆயிலும் ஃபில்டரும் மாத்தினா சில ஆயிரத்தோட முடியும்.

அதுக்கு முன்னாடி, போகலாமா வேணாமான்னு முடிவெடுக்கறது எப்படி? முன்னாடி போற சின்ன கார பாருங்க, வீலு பாதிக்கு மேல முழுகுதுன்னா திரும்பிடுங்க. ஓடற தண்ணின்னா ஒரு அடி ஆழமே சின்ன கார மிதக்க வச்சு தள்ளிடும், தரைப்பாலத்துக்கு மேல தண்ணி ஓடுச்சுன்னா யோசனையே வேணாம், நிறுத்திடுங்க. சப்வே பக்கமே போகாதீங்க, சென்னையில கணேசபுரம், ரங்கராஜபுரம், துரைசாமி சப்வேயெல்லாம் ஒவ்வொரு பெரிய மழைக்கும் ரொம்பிடும், ராத்திரியில ஆழமே தெரியாது. போய்த்தான் ஆகணும், தண்ணியும் கம்மிதான்னா ரோடு நடுவுல போங்க, நம்ம ரோடு நடுவுல மேடா ஓரத்துல சரிவா இருக்கும், மழைநீர் கால்வாய்க்குத் தோண்டின பள்ளமும் திறந்த மேன்ஹோலும் ஓரத்துலதான். முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர், நடுவுல கால எடுக்கக் கூடாது, கியர் மாத்தக் கூடாது. எதிர்ல பஸ்சோ லாரியோ வந்தா தண்ணிக்கு வெளியவே நின்னு அது போன அப்புறம் இறங்குங்க. வெளிய வந்ததும் மெதுவா ஓட்டிக்கிட்டே பிரேக்க லேசா ஏழெட்டு தடவ தொட்டு காய வைங்க, முதல் சிக்னல்ல பிரேக் பிடிக்கலன்னு முன் வண்டியில போய் விழாதீங்க.

தண்ணி உள்ள ஏற ஆரம்பிச்சுடுச்சு, வண்டி மிதக்குதுன்னு தெரிஞ்சா வண்டிய மறந்துடுங்க. சீட் பெல்ட் எடுங்க, ஜன்னல உடனே இறக்குங்க, கரண்ட் போயிட்டா ஜன்னல் இறங்காது, வெளிய தண்ணி அழுத்தத்துல கதவும் திறக்காது. ஜன்னல் வழியா வெளிய வாங்க, முதல்ல குழந்தைங்க.

புயல் சொல்லிட்டாங்கன்னா

2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டினப்ப முடிச்சூர் பக்கம் கார் கூரை வரைக்கும் முழுகினத பாத்தவங்க யாரும் அத மறக்க மாட்டாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரிக்காரங்க மேம்பாலத்து மேல வரிசையா கார ஏத்தி நிறுத்தினாங்க, அடுத்த வருஷம் அக்டோபர்லயும் அதேதான். அபார்ட்மெண்ட்ல பேஸ்மெண்ட் பார்க்கிங்னா முந்தின நாளே வெளிய எடுத்துடுங்க, தண்ணி ஏறற வேகத்துல ராத்திரி போய் எடுக்கலாம்னு இறங்கறது உயிருக்கே ஆபத்து. மேடான எடம் எதுன்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கோங்க, சொந்தக்காரங்க வீடோ, கல்யாண மண்டப கிரவுண்டோ. மரம், பழைய காம்பவுண்ட் சுவர், விளம்பர போர்டு பக்கத்துல வேணாம். சமதரையில போட்டா ஹேண்ட் பிரேக்க இழுக்காம கியர்ல போட்டு வீலுக்கு கல்லு வைங்க, ஈரத்துல நாலு நாள் நின்னா பின் பிரேக் ஒட்டிக்கும்.

தண்ணி வடிஞ்ச அப்புறம்

நின்ன எடத்துலயே முழுகிடுச்சுன்னா ஆசையில சாவியப் போட்டு லைட்டு எரியுதான்னு கூட பாக்காதீங்க. கழுவறதுக்கு முன்னாடி தண்ணி எது வரைக்கும் ஏறிச்சுன்னு கதவுல, சீட்டுல இருக்கற சேத்துக் கோடு தெரியற மாதிரி நாலு பக்கமும் ஃபோட்டோ எடுங்க, நம்பர் பிளேட்டும் அதுல தெரியணும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அன்னிக்கே ஃபோன் பண்ணி கிளெய்ம் நம்பர் வாங்கி வச்சுடுங்க, வெள்ளத்துக்கு அப்புறம் சர்வேயர் வர வாரக்கணக்கு ஆகும். வண்டியில கரண்ட் ஓடாம இருக்க பேட்டரி மைனஸ் வயரக் கழட்டிடுங்க, வீட்டுல 10 நம்பர் ஸ்பேனர் ஒண்ணு வச்சிருந்தா பெரும்பாலும் அது போதும். எலக்ட்ரிக் வண்டின்னா எதையும் தொடாதீங்க, சார்ஜும் போடாதீங்க, கம்பெனி ஆள் வந்து பாக்கட்டும்.

மெக்கானிக் வந்ததும் ஆயில் குச்சிய எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, ஆயில் பால் காப்பி கலர்ல இருந்தா உள்ள தண்ணி கலந்திருக்கு, ஸ்டார்ட் பண்ண விடாதீங்க. பெட்ரோல் மூடி வரைக்கும் முழுகியிருந்தா டேங்க்கையும் இறக்கி காலி பண்ணச் சொல்லுங்க, இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல்ல தண்ணி சேந்தா பிரிஞ்சு அடியில தங்கிடும்.

உள்ள கால் வைக்கற எடம் வரைக்கும் மட்டும் தண்ணி வந்திருந்தா கூட மேல மிதியடிய மட்டும் காயப் போட்டுட்டு விட்டுடாதீங்க. சீட்ட கழட்டி கார்பெட்ட தூக்கினா தரையில வட்டமா ரப்பர் மூடி ரெண்டு மூணு இருக்கும், அதப் பிடுங்கி தண்ணிய கீழ விடுங்க, கார்பெட்ட வெளிய எடுத்து கொடியில ரெண்டு வெயிலாவது காயப் போடுங்க, அடியில இருக்கற ஸ்பாஞ்ச கையால அமுக்கிப் பாத்து ஈரம் ஒட்டாத வரைக்கும் திருப்பி மாட்டாதீங்க. மாட்டறப்ப அந்த ரப்பர் மூடிய மறக்காம அழுத்திப் போட்டுடுங்க, அது இல்லன்னா அடுத்த மழைக்குக் கீழயிருந்தே உள்ள ஏறும்.